ரெட் ஒயின்: டெல்டா பக்கத்து உறவினரும் நண்பர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காரைக்காலில் எங்கள் தெருவில் பல வீடுகளுக்குப் பிரான்சில் உறவு உண்டு. ஆகஸ்டு விடுமுறைக்கு அவர்கள் ஊருக்கு வரும்போது பெட்டியில் ஒரு பாட்டில் ஒயினாவது இருக்கும். அந்தப் பாட்டில் திறக்கப்படும் இடத்தில் சந்தேகங்களும் கிளம்பும். பாரிஸில் ஓர் உணவகத்தில் பல ஆண்டுகள் ஒயின் பரிமாறும் வேலையில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவன் நான் என்பதால், மாயவரம், கும்பகோணம், தஞ்சாவூர் பக்கத்திலிருந்தும் அதே கேள்விகள் என்னிடம் வந்துகொண்டே இருக்கின்றன. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்து, எளியவற்றை முன்னும் சிக்கலானவற்றைப் பின்னுமாக இங்கே தொகுத்திருக்கிறேன். மது அருந்தாதவர் புதிதாகத் தொடங்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. ஏற்கெனவே அருந்துகிறவர்கள் குறைவாகவும் விவரம் தெரிந்தும் அருந்த இது உதவும்.

ரெட் ஒயின்ல சாயம் ஏதாவது கலக்குறாங்களா? அந்தச் சிவப்பு எங்கேருந்து வருது?

வெளியிலிருந்து சாயம் சேர்க்க வேண்டிய தேவையே இல்லை. கறுப்புத் திராட்சை ஒன்றை உரித்துச் சதையை மட்டும் பிழிந்து பாருங்கள். பெரும்பாலான வகைகளில் சாறு நிறமற்றே வரும். நிறம் முழுவதும் தோலில் இருக்கிறது. எனவே ரெட் ஒயினுக்குத் திராட்சையை நசுக்கித் தோல், விதை, சாறு எல்லாவற்றையும் ஒன்றாகவே தொட்டியில் நொதிக்க விடுகிறார்கள். ஈஸ்ட், பழத்தின் சர்க்கரையை ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றும். அந்த வாயு தோல்களை மேலே தள்ளிக் கனத்த திட்டாக மிதக்க வைக்கும். அந்தத் திட்டை நாள்தோறும் அழுத்திச் சாற்றுக்குள் அமிழ்த்துவதும், அடியிலிருந்து சாற்றை எடுத்து அதன் மேல் ஊற்றுவதும் அறுவடைக் காலத்தில் ஒயின் ஆலையின் அன்றாட வேலை.

இப்படிச் சாறு தோலோடு கிடக்கும் காலம் சில நாட்களிலிருந்து மூன்று, நான்கு வாரங்கள் வரை போகும். சில மணி நேரத்திலேயே தோலைப் பிரித்துவிட்டால் இளஞ்சிவப்பான ரோஸே கிடைக்கும். நசுக்கியவுடன் பிரித்துவிட்டால் கறுப்புத் திராட்சையிலிருந்தே வெள்ளை ஒயினும் எடுக்கலாம். பினோ நுவார் என்ற கறுப்புத் திராட்சை ஷாம்பெயினில் சேர்வது இந்த வழியில்தான்.

"டிரை"ன்னு போட்டிருக்கு. குடிச்சா இனிப்பே இல்ல, புளிப்பும் துவர்ப்புமாத்தான் இருக்கு. பாட்டில் கெட்டுப்போச்சா?

கெட்டுப்போகவில்லை. சர்க்கரை ஏறக்குறைய முழுவதும் ஆல்கஹாலாக மாறிவிட்ட ஒயினுக்குத்தான் டிரை என்று பெயர். உலகில் சாப்பாட்டோடு அருந்தப்படும் ரெட் ஒயின்களில் மிகப் பெரும்பான்மை இந்த வகையே. நம் பக்கத்தில் பலர் முதலில் சுவைத்தது போர்ட் ஒயின் என்ற பெயரில் மலிவு விலையில் கிடைக்கும் இனிப்பான சரக்கு. அந்த நினைவோடு டிரை ஒயினை வாயில் வைத்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

உண்மையான போர்ட், போர்ச்சுகல் நாட்டின் டோரோ பள்ளத்தாக்கில் மட்டுமே தயாராவது; அந்தப் பகுதியின் எல்லை 1756-லேயே வரையறுக்கப்பட்டது. நொதித்தல் பாதியில் இருக்கும்போது திராட்சைச் சாராயத்தை ஊற்றி ஈஸ்டைச் செயலிழக்கச் செய்வார்கள். அதனால் மாறாமல் நின்ற சர்க்கரை இனிப்பாகவே தங்கிவிடும், ஆல்கஹாலும் 20 சதவீதத்தை ஒட்டி ஏறிவிடும். சாதாரண ரெட் ஒயின் 12 முதல் 15 சதவீதத்துக்குள் நிற்கும்.

வாயெல்லாம் வறண்டு, ஈறு இழுத்துப் பிடிக்கிற மாதிரி இருக்கே, அது என்ன?

அது டானின். தோல், விதை, காம்பு ஆகியவற்றிலிருந்தும், ஓக் மரப் பீப்பாயில் வைத்திருந்தால் அந்த மரத்திலிருந்தும் ஒயினில் இறங்குகிறது. வாயை வழவழப்பாக வைத்திருப்பவை எச்சிலில் உள்ள புரதங்கள். டானின் அவற்றோடு ஒட்டிக்கொள்வதால் வழவழப்பு போய் வறட்சி தெரிகிறது. நன்றாகப் பழுக்காத நாவல்பழத்தைத் தின்றால் நாக்கில் என்ன நடக்குமோ அதேதான் இதுவும்.

ரெட் ஒயினைப் புரிந்துகொள்ள மூன்றே அளவுகளைக் கவனித்தால் போதும் என்பது என் திடமான எண்ணம். இந்தத் துவர்ப்பு எவ்வளவு, புளிப்பு எவ்வளவு, வாயில் கனம் எவ்வளவு. கடைவாயில் எச்சில் ஊறினால் புளிப்பு அதிகம். ஈறும் கன்னத்தின் உட்புறமும் வறண்டால் டானின் அதிகம். தொண்டையில் இறங்கும்போது சூடு தெரிந்தால் ஆல்கஹால் அதிகம், அது கனத்தையும் கூட்டும். லேபிளில் எழுதியிருக்கும் செர்ரி, சாக்லேட், புகையிலை முதலிய மணங்களைத் தேடி அலைவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

ரெட் ஒயின்னா எல்லாம் ஒண்ணுதானே? இதுல என்ன வகை?

ஒன்றே இல்லை. ஒரு முனையில் கமே, பினோ நுவார் ஆகிய திராட்சைகளின் ஒயின்கள் இருக்கின்றன. கமே, பிரான்சின் போஜொலே பகுதிக்கு உரியது. பினோ நுவார், அதற்கு வடக்கே உள்ள பர்கண்டிக்கு உரியது. தோல் மெல்லியது அல்லது தோலோடு வைத்திருந்த காலம் குறைவு என்பதால் நிறம் வெளிறி, கிளாஸின் மறுபக்கத்தில் உங்கள் விரல் தெரியும் அளவுக்கு இருக்கும். டானின் குறைவு, புளிப்பு எடுப்பாகத் தெரியும், புதுப்பழ மணம் முன்னே நிற்கும். போஜொலேயில் திராட்சையை நசுக்காமல் குலை குலையாகவே மூடிய தொட்டியில் கரியமில வாயுவுக்குள் வைத்து நொதிக்க விடும் முறை ஒன்று உண்டு. துவர்ப்பு குறைந்து பழமணம் ஓங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். அறுவடையான சில வாரங்களிலேயே அருந்தும் போஜொலே நூவோ, ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் மாத மூன்றாம் வியாழக்கிழமை விற்பனைக்கு வருகிறது.

நடுவில் மெர்லோ, இத்தாலியின் கியாந்தியில் பயன்படும் சாஞ்சோவேசே, ஸ்பெயினின் ரியோகாவில் பயன்படும் டெம்ப்ரனியோ, கிரெனாஷ் முதலியவை வரும். மறுமுனையில் கேபர்னே சாவிக்ஞான், ஷிராஸ், அர்ஜென்டினாவின் மெண்டோசாவில் பெயர்பெற்ற மால்பெக் ஆகியவை நிற்கும். கறுத்த நிறம், நிறைந்த கனம், கேபர்னேயாக இருந்தால் அழுத்தமான டானின். நிறத்தை மட்டும் பார்த்து முடிவுகட்டக்கூடாது என்பதற்கு இத்தாலியின் பரோலோ நல்ல உதாரணம். நெபியோலோ திராட்சையில் செய்யப்படும் அந்த ஒயின் கிளாஸில் வெளிறித் தெரியும். வாயில் வைத்தால் கேபர்னேயையே மிஞ்சும் துவர்ப்பு.

ஒரே திராட்சையும் ஊருக்கு ஊர் மாறும். பிரான்சின் ரோன் நதிக்கரையின் வடபகுதியில் சிரா என்று அழைக்கப்படுவதும், ஆஸ்திரேலியாவின் பரோசா பள்ளத்தாக்கில் ஷிராஸ் என்று அழைக்கப்படுவதும் ஒரே திராட்சைதான். குளிர்ந்த ரோன் கரையில் மிளகு மணமும் இறுக்கமும் தெரியும். வெயில் காயும் பரோசாவில் பழம் கனிந்து, சர்க்கரை ஏறி, ஆல்கஹாலும் கனமும் கூடிய ஒயினாகிவிடும். புதிதாகச் சுவைப்பவர்கள் கனத்த ஷிராஸிலோ கேபர்னேயிலோ தொடங்கி, "இது நமக்கு ஒத்துவராது" என்று விட்டுவிடுகிறார்கள். மெல்லிய வகையில் தொடங்குவதே நம் ஊர் வெயிலுக்கும் நாக்குக்கும் நல்லது.

ஷிராஸ், கேபர்னே, போர்தோ, ரியோகா... இதெல்லாம் கம்பெனி பேரா, ஊர் பேரா?

முதல் இரண்டும் திராட்சையின் பெயர்கள், பின் இரண்டும் ஊரின் பெயர்கள். இந்தியா, ஆஸ்திரேலியா, சிலி, அமெரிக்கா முதலிய நாடுகளின் லேபிளில் பெரும்பாலும் திராட்சையின் பெயர் இருக்கும். பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின் லேபிள்களில் பெரும்பாலும் ஊரின் பெயர்தான் இருக்கும். அந்த ஊரில் எந்தத் திராட்சை அனுமதிக்கப்பட்டது என்பது வாங்குகிறவருக்குத் தெரிந்திருக்கும் என்று எதிர்பார்ப்பார்கள். போர்தோ என்றால் கேபர்னே சாவிக்ஞான், மெர்லோ முதலியவற்றின் கலவை. சிவப்பு பர்கண்டி என்றால் பினோ நுவார்.

ரியோகா பாட்டிலில் கிரியான்சா, ரெசெர்வா, கிரான் ரெசெர்வா என்று இருப்பவை எவ்வளவு காலம் வைத்திருந்து வெளியிட்டார்கள் என்பதைக் குறிப்பவை: முறையே குறைந்தது 2, 3, 5 ஆண்டுகள். மற்ற பல நாடுகளில் லேபிளில் ரிசர்வ் என்று அச்சடிப்பதற்கு இத்தகைய கட்டாயம் எதுவும் கிடையாது. ஆகவே அந்தச் சொல்லுக்காக மட்டும் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம். திராட்சைப் பெயரிலும் குழப்பம் நடந்திருக்கிறது. சிலி நாட்டில் மெர்லோ என்று நம்பி வளர்க்கப்பட்ட கொடிகளில் பல, உண்மையில் கார்மெனேர் என்ற பழைய போர்தோ வகை என்று 1994-ல்தான் கண்டறியப்பட்டது.

பாரிஸ் மாமா கொண்டுவந்த போர்தோவைவிட நாசிக் பாட்டில் நல்லா இருந்துச்சுன்னு சொன்னேன், எல்லாரும் சிரிக்கிறாங்க. நான் சொன்னது தப்பா?

தப்பில்லை. இளம் போர்தோ டானின் மிகுந்தது, பழமணத்தைச் சுலபத்தில் காட்டாது. நாசிக்கில் விளையும் ஷிராஸ் வெயிலில் நன்கு கனிந்த திராட்சை. திறந்தவுடனேயே பழமும் மசாலா மணமும் தெரியும். இவை இரண்டும் வேறு வேறு பாணிகள், உங்களுக்கு இரண்டாவது பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். பிரான்சின் பெயருக்கு மயங்காமல் சுவைத்தால் என்ன நடக்கும் என்பதை 1976 மே 24 அன்று பாரிஸிலேயே பார்த்தார்கள். லேபிளை மறைத்துப் பிரெஞ்சு நடுவர்களுக்குக் கொடுத்த அந்தச் சுவைப் போட்டியில், சிவப்புப் பிரிவில் கலிஃபோர்னியாவின் ஸ்டாக்ஸ் லீப் 1973 கேபர்னே முதலிடம் பெற்றது. மூதோன் ரோத்ஷில்டு போன்ற போர்தோவின் முன்னணிப் பெயர்கள் அதற்குப் பின்னால்தான் வந்தன.

நம் நாட்டில் நாசிக்கின் சுலா, பெங்களூருக்கு அருகே நந்தி மலைப் பக்கத்தில் தொடங்கிய குரோவர், சோலாப்பூர் மாவட்டம் அக்லூஜின் ஃபிரடெல்லி ஆகிய ஒயின் நிறுவனங்கள் ரெட் ஒயினில் கவனிக்கத் தக்கவை. குரோவரின் லா ரிசர்வ், ஃபிரடெல்லியின் செட்டே இரண்டும் ஓக் பீப்பாயின் தன்மை தெரியும் கனத்த பாணி. இளம் போர்தோவை ரசிப்பவர்களுக்கு அவை பிடிக்கும். ஐரோப்பாவில் கொடி குளிர்காலத்தில் உறங்கும், இலையுதிர் காலத்தில் அறுவடை. இங்கே கொடிக்கு அந்த உறக்கம் கிடைக்காததால் ஆண்டுக்கு இருமுறை கவாத்து செய்து, மழைக்காலத்தைத் தவிர்த்து, ஜனவரிக் கடைசியிலிருந்து மார்ச் வரை அறுவடை செய்கிறார்கள்.

ரூம் டெம்பரேச்சர்லதான் ரெட் ஒயின் குடிக்கணும்னு சொல்றாங்களே, ஃப்ரிட்ஜ்ல வெச்சா தப்பா?

இந்தத் தொகுப்பில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். அந்த விதி பிறந்த அறைகள், வெப்பமூட்டும் கருவிகள் பரவாத காலத்து ஐரோப்பிய வீடுகளின் அறைகள்; அங்கே வெப்பம் 16 முதல் 18 டிகிரி செல்சியஸ் இருக்கும். கத்திரி வெயிலில் தஞ்சாவூரில் ஓர் அறை 34 டிகிரிக்கு ஏறிவிடும். அந்தச் சூட்டில் ஊற்றினால் ஆல்கஹால் ஆவி முதலில் மூக்கில் ஏறும், பழமணம் அமுங்கிப்போகும், ஒயின் வாயில் தளர்ந்து கொழகொழத்துத் தெரியும். நம் பக்கத்தில் "ரெட் ஒயின் பிடிக்கவில்லை" என்று சொன்னவர்களில் பலருக்கு உண்மையில் பிடிக்காதது சூடான ரெட் ஒயின்தான்.

கனத்த ஷிராஸ், கேபர்னே வகைகளுக்கு 16 முதல் 18 டிகிரி, மெல்லிய கமே, பினோ நுவார் வகைகளுக்கு 12 முதல் 14 டிகிரி சரியாக இருக்கும். பாட்டிலை ஃப்ரிட்ஜில் ஒன்றரை மணி நேரம் வைத்தால் முதல் அளவுக்கு வரும். மெல்லிய வகைக்கு இன்னும் சற்று நேரம் கூடுதலாக வையுங்கள். அவசரமென்றால் ஐஸும் தண்ணீரும் சேர்ந்த வாளியில் கால் மணி நேரம் போதும். வெறும் ஐஸைவிடத் தண்ணீர் சேர்ந்த ஐஸே பாட்டிலை விரைவாகக் குளிர்விக்கும். அளவு மீறிக் குளிர்ந்தால் டானின் இரும்பாக இறுகும், அப்போது வெளியே எடுத்துப் பத்து நிமிடம் வைத்தால் சரியாகிவிடும். கிளாஸுக்குள் ஐஸ் போடுவது கூடாது, நீர்த்துப்போகும். குறைவாக ஊற்றிக்கொண்டு பாட்டிலை மறுபடி ஃப்ரிட்ஜில் வைப்பதே நம் ஊருக்கு ஏற்ற வழி.

எந்த கிளாஸ்ல ஊத்தணும்? சுத்திச் சுத்தி ஆட்டுறாங்களே, அது ஸ்டைலுக்கா?

வயிறு அகன்று வாய் சற்றுக் குறுகிய எந்தக் கண்ணாடி கிளாஸும் போதும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள். மீதி இடம் மணம் தங்குவதற்கு. சுழற்றும்போது ஒயின் கிளாஸின் உட்புறத்தில் பரவிக் காற்றோடு சேர்ந்து மணத்தை விடுகிறது, அதை முகர்ந்த பிறகு ஒரு வாய் எடுத்து, விழுங்குமுன் வாய் முழுவதும் படவிட்டு, மேலே சொன்ன மூன்று அளவுகளையும் கவனியுங்கள். எவர்சில்வர் டம்ளரில் மணம் நிற்காது, நிறமும் தெரியாது.

மட்டன், நண்டு, மீன் குழம்புன்னு காரமா சாப்பிடுறவங்க நாங்க. ரெட் ஒயின் ஒத்துவருமா?

ஒத்துவரும், ஆனால் தேர்ந்தெடுக்க வேண்டும். மிளகாயின் காரத்துக்குக் காரணமான கேப்சைசின் நாக்கின் சூட்டை உணரும் நரம்புகளைத் தூண்டுகிறது. ஆல்கஹாலும் அதே வேலையைச் செய்வதால் 14, 15 சதவீதமுள்ள ஒயின் காரத்தை இரட்டிப்பாக்கும். டானின் அதன் மேல் வறட்சியைச் சேர்க்கும். மிளகாய்த்தூள் தூக்கலான நண்டு மசாலாவுக்கும் இறால் தொக்குக்கும் டானின் குறைந்த, ஆல்கஹால் 13 சதவீதத்தைத் தாண்டாத, நன்கு குளிர்ந்த ஒயினே தோது. கமே கிடைத்தால் அருமை, கிடைக்காவிட்டால் ரோஸே.

மிளகு வேறு கதை. மிளகு தூக்கலாகப் போட்ட மட்டன் சுக்காவுக்கும் மிளகுக் கோழி வறுவலுக்கும் ஷிராஸைப் போலப் பொருந்துவது எதுவும் இல்லை. இதற்கு ரசாயனக் காரணமே உண்டு: ரோட்டண்டோன் என்ற ஒரே பொருள்தான் கறுமிளகுக்கும் ஷிராஸுக்கும் அந்த மிளகு மணத்தைத் தருகிறது என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008-ல் வெளியிட்டார்கள். ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இந்த மணம் தெரிவதே இல்லை என்றும் அதே ஆய்வில் கண்டார்கள். எனவே ஒரே பாட்டிலில் உங்களுக்கு மிளகு மணந்து, பக்கத்தில் இருப்பவருக்கு மணக்காமல் போனால் இருவர் சொல்வதும் உண்மையே. கறியின் புரதமும் கொழுப்பும் டானினோடு சேர்ந்து துவர்ப்பைத் தணிப்பதால் ஆட்டுக்கறிக்குக் கேபர்னேகூடப் பணிந்துவரும்.

மீனுக்கு ரெட் ஒயின் ஆகாது என்ற பழக்கத்துக்கும் காரணம் உண்டு. சில ரெட் ஒயின்களில் இரும்புச்சத்து கூடுதலாக இருக்கும். அது மீனின் கொழுப்போடு சேரும்போது கவுச்சியும் உலோக வாடையும் கிளம்பும். நாகப்பட்டினத்து மத்தி போன்ற எண்ணெய்ச் சத்துள்ள மீனில் இது நன்றாகத் தெரியும், அதோடு ரெட் ஒயினை விட்டுவிடுங்கள். விரால் போன்ற கொழுப்புக் குறைந்த மீனில் புளிக்குழம்பு வைத்தால், குழம்பின் புளிப்புக்கு ஈடுகொடுக்கும் புளிப்புள்ள ஒயின் வேண்டும். சாஞ்சோவேசே அதற்குச் சரி. புளிப்புக் குறைந்த ஒயின் புளிக்குழம்பின் முன் சப்பென்று ஆகிவிடும்.

நாங்க சைவம். எங்களுக்கு என்ன சேரும்?

எண்ணெய் கத்திரிக்காய்க் குழம்புக்கும் காளான் மிளகு வறுவலுக்கும் மெர்லோ, பினோ நுவார் இரண்டும் நன்றாகச் சேரும். வாழைப்பூ, சுண்டைக்காய் ஆகியவற்றோடு டானின் மிகுந்த ஒயின் வேண்டாம், துவர்ப்பின் மேல் துவர்ப்பு ஏறும். இன்னொன்றையும் சைவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்: ஒயினைத் தெளிய வைக்க முட்டை வெள்ளைக்கரு, பால் புரதம், மீன் பசை முதலியவற்றைப் பயன்படுத்துவது பழைய வழக்கம். அவை அடியில் படிந்தபின் நீக்கப்பட்டாலும், அதுவும் கூடாது என்பவர்கள் லேபிளில் வீகன் என்று குறித்த பாட்டிலைத் தேட வேண்டும்.

விருந்துல அசோகா வெச்சிருக்கோம். அதோட ரெட் ஒயின் குடிக்கலாமா?

டிரை ஒயின் வேண்டாம். திருவையாற்று அசோகாவின் இனிப்புக்குப் பக்கத்தில் அது வெறும் புளித்தண்ணீராகத் தெரியும்; ஒயின் எப்போதும் பண்டத்தைவிட இனிப்பாக இருக்க வேண்டும். முன்னே சொன்ன உண்மையான போர்ட் ஒரு சிறு அளவு சேரும். நெய் மணக்கும் அசோகாவுக்கு எதுவுமே தேவையில்லை என்பதுதான் என் கருத்து.

காரைக்கால்ல விலை கம்மி. அங்க வாங்கிட்டு மாயவரத்துக்கு எடுத்துட்டு வரலாமா?

கூடாது. புதுச்சேரி யூனியன் பிரதேச மதுவைத் தமிழ்நாட்டுக்குள் அனுமதியின்றிக் கொண்டுவருவது குற்றம். நண்டலாறு, வாஞ்சூர் சோதனைச் சாவடிகளில் ஒரே ஒரு பாட்டிலுக்கும் வழக்கு வரலாம். தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு டாஸ்மாக்கின் எலைட் கடைகளே வழி. வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வரும் பயணி ஒருவர் தீர்வையின்றி 2 லிட்டர் வரை மது கொண்டுவரலாம்.

திறந்த பாட்டில் எத்தனை நாள் தாங்கும்?

இறுக மூடி ஃப்ரிட்ஜில் நிறுத்தி வைத்தால் மூன்று முதல் ஐந்து நாள் தாங்கும். ரெட் ஒயினும் திறந்தபின் ஃப்ரிட்ஜில்தான் இருக்க வேண்டும். பாட்டிலில் பாதிக்கும் குறைவாக மீந்திருந்தால் சிறிய பாட்டிலுக்கு மாற்றுங்கள், உள்ளே நிற்கும் காற்று குறையும். வெளியே வைத்தால் நம் வெயிலில் ஒரே நாளில் தளர்ந்துவிடும்.

திறக்காத பாட்டிலை எங்க வெக்கறது? வயசாக ஆக நல்லாயிடும்னு சொல்றாங்களே?

வெப்பம், வெளிச்சம், அதிர்வு மூன்றும் ஆகாது. 12 முதல் 15 டிகிரியில், இருட்டில், கார்க் அடைத்த பாட்டிலாக இருந்தால் கார்க் காய்ந்துவிடாதபடி படுக்க வைத்திருக்க வேண்டும். திருகு மூடிப் பாட்டிலை நிறுத்தியும் வைக்கலாம். திருகு மூடி தரக்குறைவின் அடையாளமும் இல்லை, ஆஸ்திரேலியாவிலும் நியூஸிலாந்திலும் உயர்ந்த ஒயின்களே அப்படி வருகின்றன. டெல்டாவில் இத்தகைய அறை எந்த வீட்டிலும் இருக்காது என்பதால், ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் படுக்க வைத்துச் சில மாதங்களுக்குள் முடிப்பதே புத்திசாலித்தனம். மே மாதத்தில் பூட்டிய காருக்குள் அரை நாள் விட்டால் நல்ல பாட்டிலும் பாழாகும்.

விற்பனைக்கு வரும் ரெட் ஒயின்களில் பெரும்பாலானவை சில ஆண்டுகளுக்குள் அருந்துவதற்கென்றே செய்யப்பட்டவை. டானினும் புளிப்பும் பழச்செறிவும் ஒருங்கே நிறைந்த பரோலோ, நல்ல போர்தோ, ரோன் ஒயின்கள்தான் ஆண்டுக்கணக்கில் மெருகேறும். நாளாக ஆக டானின் மூலக்கூறுகளும் நிறமிகளும் ஒன்றோடொன்று சேர்ந்து கனத்து அடியில் வண்டலாகப் படியும்; துவர்ப்பு மென்மையாகி நிறம் செங்கல் பக்கம் திரும்பும். அதற்குக் குளிர்ந்த நிலவறை கட்டாயம் வேண்டும்.

ஒயின் குடிச்சா மட்டும் மறுநாள் தலை வலிக்குது. சல்பைட்தானே காரணம்?

பெரும்பாலும் இல்லை. சல்பைட் என்பது ஒயின் கெடாமல் இருக்கச் சேர்க்கும் கந்தகப் பொருள். ஐரோப்பிய விதிப்படி டிரை ரெட் ஒயினில் அது லிட்டருக்கு 150 மில்லிகிராம் வரை, டிரை வெள்ளை ஒயினில் 200 வரை இருக்கலாம். வெள்ளை ஒயினில் வராத தலைவலி ரெட் ஒயினில் மட்டும் வருகிறதென்றால் சல்பைட்டைக் குற்றம் சொல்ல முடியாது. பாயசத்தில் போடும் பொன்னிறக் கிஸ்மிஸும் கந்தக டை ஆக்சைடு ஏற்றியதுதான். ஆனால் ஆஸ்துமா உள்ள சிலருக்குச் சல்பைட் மூச்சிரைப்பைக் கொண்டுவரும். அவர்கள் தவிர்க்க வேண்டும்.

திராட்சைத் தோலில் உள்ள குவெர்செடின் என்ற பொருள், உடலில் ஆல்கஹால் முறியும் வழியில் குறுக்கிட்டு, அப்போது உண்டாகும் அசிட்டால்டிஹைடு என்ற நச்சுப் பொருளைத் தேங்க வைத்துத் தலைவலியைத் தரக்கூடும் என்ற கருத்தைக் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-ல் முன்வைத்தார்கள். நடைமுறையில், வெயிலில் உடல் நீரிழந்த நிலையில் அருந்துவதும் அளவு மீறுவதும்தான் நம் ஊரில் நான் காணும் முதற்காரணங்கள். சாப்பிட்டபின், ஒரு கிளாஸுக்கு ஒரு கிளாஸ் தண்ணீர் என்று வைத்துக்கொண்டும் வலி வந்தால், அந்த வகையை விட்டுவிடுங்கள்.

ரெட் ஒயின் ரத்தம் ஊற வைக்கும், நிறம் குடுக்கும், இதயத்துக்கு நல்லதுங்கிறாங்களே அண்ணே?

இந்த மூன்றில் எதையும் நம்பி அருந்த வேண்டாம். அது ரத்தம் ஊற வைக்கும் மருந்தும் இல்லை, தோல் நிறத்தை மாற்றும் சக்தியும் அதற்கு இல்லை. பிள்ளைத்தாய்ச்சிக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் ஒயின் கொடுக்கும் வழக்கத்தை எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சிலர் இன்னும் விடவில்லை. கர்ப்ப காலத்தில் எந்த மதுவும் துளிகூடக் கூடாது, அது குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும்.

இதயத்துக்கு நல்லது என்ற பேச்சு 1991-ல் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குப் பிறகு உலகெங்கும் பரவியது. அதற்குக் காரணமாகச் சொல்லப்படும், திராட்சைத் தோலில் உள்ள ரெஸ்வெரட்ரால் என்ற பொருள், ஒயினில் லிட்டருக்குச் சில மில்லிகிராம்தான் இருக்கிறது. ஆய்வுகளில் கொடுக்கப்பட்ட அளவுகளுக்கு அது எட்டவே எட்டாது. மது வகைகள் புற்றுநோயை உண்டாக்குபவை என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1988-லேயே வகைப்படுத்தியது. மதுவுக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் கூறியது. சுவைக்காக, எப்போதாவது, கொஞ்சமாக அருந்துங்கள். மருந்து என்று சொல்லிக்கொண்டு அருந்தாதீர்கள்.

கிறிஸ்மஸுக்கு எங்க ஆச்சி ஜாடியில பன்னீர் திராட்சை போட்டு செய்யுறதும் ரெட் ஒயின்தானே?

நொதித்த திராட்சை என்ற அளவில் உறவுதான், பாணி வேறு. பன்னீர் திராட்சை என்பது மஸ்கட் ஹாம்பர்க் என்ற வகை. கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் இதற்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் பன்னீர் மணம் அழகானது. ஆனால் பழம் பெரியது, தோல் மெல்லியது, ஆகவே சாற்றோடு ஒப்பிடத் தோலின் பங்கு குறைவு. நிறமும் டானினும் குறைவாகவே இறங்கும். கேபர்னே, ஷிராஸ் பழங்கள் சிறியவை, தடித்த தோலுள்ளவை, சர்க்கரையும் அதிகம். அந்தக் குறையை ஈடுகட்டத்தான் ஜாடியில் சர்க்கரையைக் கொட்டுகிறார்கள், கிராம்பும் பட்டையும் சேர்க்கிறார்கள். தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது சட்டத்துக்குப் புறம்பானது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

சித்தப்பா சிங்கப்பூர்லேருந்து கொண்டுவந்த பாட்டில் பத்துப் பதினஞ்சு வருஷமா பரண்ல கெடக்கு. இப்பத் திறந்தா குடிக்கலாமா? கெட்டிருந்தா எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஆபத்து பெரிதாக இருக்காது, ஆனால் சுவை பெரும்பாலும் போயிருக்கும். திறக்குமுன் மூடியைப் பாருங்கள். கார்க் மேலெழும்பியிருந்தாலோ, கழுத்தில் ஒயின் கசிந்து காய்ந்த தடம் இருந்தாலோ உள்ளே சூடு ஏறி விரிந்திருக்கிறது என்று பொருள். வெந்த பழக்கூழின் மணம் அடிக்கும். கிளாஸில் பழுப்பு நிறம் ஓங்கி, பழமணம் மறைந்து, கொட்டை வாடை மட்டும் தெரிந்தால் காற்றுப் பட்டு ஆக்சிஜனேற்றம் அடைந்தது. மூக்கைத் துளைக்கும் காடி நெடி வந்தால் அசிட்டிக் அமிலம் உண்டாகிவிட்டது. இவற்றில் சேராத ஒன்று உண்டு: நனைந்த அட்டைப்பெட்டியின் பூஞ்சை வாடை. அது வெயிலால் வருவது அன்று, கார்க்கில் உண்டாகும் டி.சி.ஏ. என்ற சேர்மத்தால் வருவது. புத்தம் புதிய, விலை உயர்ந்த பாட்டிலிலும் வரும். காற்றாட வைத்தாலும் போகாது, அப்படிப்பட்ட பாட்டிலைக் கடையில் திருப்பிக் கொடுக்க உங்களுக்கு முழு நியாயம் உண்டு.

அடியில் வண்டலோ, கண்ணாடித் துகள் போன்ற படிகங்களோ இருந்தால் அஞ்ச வேண்டாம். முன்னது நிறமியும் டானினும், பின்னது திராட்சையின் டார்டாரிக் அமில உப்பு. பாட்டிலை ஒரு நாள் நிறுத்தி வைத்து, மெல்லச் சாய்த்து வேறு பாத்திரத்துக்கு ஊற்றி, வண்டலை அடியிலேயே விட்டுவிடுங்கள். பழைய ஒயினை ஊற்றியவுடன் அருந்த வேண்டும். அரை மணி, ஒரு மணி நேரம் காற்றாட வைப்பது இளம் கேபர்னே போன்ற டானின் மிகுந்தவற்றுக்கு மட்டுமே. லேபிளில் 19 அல்லது 20 சதவீதம் என்று இருந்தால் அது போர்ட் வகை. சர்க்கரையும் கூடுதல் ஆல்கஹாலும் காப்பதால் பரணிலும் ஓரளவு தாக்குப்பிடித்திருக்கும். சித்தப்பாவின் பாட்டில்களில் அப்படி ஒன்று இருந்தால் முதலில் அதைத் திறந்து பாருங்கள்.